பாராசூட் விசேஷத்துக்குப் போயிருக்கிறது

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நான் பேனாவைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ரகம்.

கொஞ்ச நாள் முன்பு இதே பக்கத்தில், 'ஏற்காட்டில் ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி... இதை விட்டால் வேறென்ன இருக்கிறது?' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பத்தே நாளில் ஒரு கவர் வந்தது. ரூல் போட்ட தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து.

'மரியாதைக்குரிய அம்மாவுக்கு, தாங்கள் எழுதியது தவறு. கரடியூரில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது. அவசியம் பார்க்க வேண்டியவை ஒன்பது. பட்டியல் இணைத்துள்ளேன். இப்படிக்கு, சடையப்பன், ஹவில்தார், ஓய்வு.'

பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வரிசை எண், பொருள், எண்ணிக்கை, நிலை என்று நான்கு கட்டம். பாராசூட், ஒன்று, நன்று. கையால் சுற்றும் சைரன், ஒன்று, நன்று. அடிபட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர், ஒன்று, நன்று. இப்படியே குண்டுப் பெட்டிகள், போர்க்களத் தொலைபேசி, ஆள் உட்காரும் அளவு சமையல் கொப்பரை, எதிரி கண்ணில் படாமல் மறைக்கிற வலை, பைனாகுலர், பீரங்கிக் குண்டின் பித்தளை உறை... எல்லாமே நன்று.

கடைசியில் ஒரு குறிப்பு. 'வரும் வெள்ளிக்கிழமை சுற்றுலா அலுவலகத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார். அன்று தாங்களும் வந்தால் சாட்சிக்கு ஆகும்.'

அருங்காட்சியகம் பார்க்க எதற்குச் சாட்சி? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. கையில் ஒரு எலுமிச்சம்பழம். பதினாலாவது வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் அதை இரவல் கேட்டார். கொடுத்தேன். திரும்பி வரவில்லை. அன்றைய பொழுது எப்படிப் போகப்போகிறது என்று அந்தப் பழமே சொல்லியிருக்கிறது... நான்தான் கேட்கவில்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கினால், ஒரு மொபெட்டின் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார் சடையப்பன். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டையில் மடிப்பு கலையாத இஸ்திரி. வணக்கம் சொன்ன கையோடு என்னை ரோட்டோரமாகக் கூட்டிப்போய், ஏரிக்கும் வியூ பாயிண்டுக்கும் வழிகாட்டுகிற அம்புக்குறிக் கம்பத்தைக் காட்டினார்.

"மேல பாருங்கம்மா. அந்த எடம் காலியாத்தானுங்க இருக்குது."

"ஆமாம்."

"அங்கதானுங்க நம்ம போர்டு வரோணும். எம்பேரெல்லாம் வேண்டாமுங்க. ராணுவ அருங்காட்சியகம்னு எழுதி ஒரு அம்புக்குறி போட்டாப் போதுமுங்க."

ஒரு போர்டுக்கா இத்தனை? மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து கரடியூர் போய்ச் சேர்வதற்குள் காரணம் தெரிந்தது.

சடையப்பன் ராணுவத்தில் இருந்தது இருபத்து நாலு வருஷம். அத்தனை வருஷமும் ஸ்டோரில்.

"சண்டைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"சண்டைக்குப் போறவங்களுக்குச் சாக்ஸ் குடுத்திருக்கறனுங்க."

கம்பளி, பூட்ஸ், பெல்ட், பட்டன். எது வேண்டுமானாலும் மூன்று காப்பி ஃபாரம், மூன்றிலும் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் ஒரு பட்டன்கூட அவர் கவுண்டரைத் தாண்டியதில்லை. கர்னலே வந்து நின்றாலும் பேனாவைத்தான் முதலில் நீட்டுவாராம்.

ஊருக்கு லீவில் வந்தபோதெல்லாம் ஜனங்கள் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை பேரைச் சுட்டே? ஒருத்தரையும் இல்லை என்றார். அப்புறம் என்ன செய்தாய்? பட்டன் கொடுத்தேன் என்றார். அரிச்சந்திரன் பரம்பரை... பொய் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் 'பட்டன் மிலிட்டரி'.

"போஸ்ட்மேனே வந்து, பட்டன் ஊடு எதுங்கன்னுதாங்க கேக்கறாரு," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெற்றதும், ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விடுகிற இடமாகத் தேடித் தேடிப் போய் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். ஊர்ப் பொதுவில் சும்மா கிடந்த ஒரு பழைய காபிக் கொட்டகையை இரண்டு வருஷத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார். இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. அதிகாரி 'சரி' என்று எழுதினால் கொட்டகை நிரந்தரம், ஒண்டிக்கடையில் போர்டு. எழுதாவிட்டால் கொட்டகை தெருவிளக்குச் சாமான் போட்டு வைக்கப் போய்விடும். அதிகாரி ஏற்கெனவே ஒரு முறை வந்து, பாதிப் பொருள் இல்லை என்று திரும்பிப் போனவர். இதுதான் கடைசி வாய்ப்பு.

"போன தடவை ஏன் பாதி இல்லை?" என்று கேட்டேன். அவர் மொபெட்டை முறுக்கிய சத்தத்தில் என் கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

கொட்டகைக் கதவைத் திறந்தார். புதுச் சுண்ணாம்பு வாசனை. சுவரோரமாக ஒன்பது மேடை, ஒவ்வொன்றின் மேலும் மடித்து விரித்த பட்டுத் துணி. ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த அழகான கையெழுத்தில் ஒரு அட்டை. பாராசூட். சைரன். ஸ்ட்ரெச்சர்.

மேடைகளின் மேல் ஒன்றுமே இல்லை.

"ஐயோ... திருட்டுப் போய்விட்டதா?"

"இல்லீங்கம்மா. இரவல் போயிருக்குதுங்க."

"எது?"

"எல்லாமுங்க."

இந்த நேரத்தில் காபி டம்ளரோடு வந்தார் அவர் மனைவி பழனியம்மா. புருஷன் பதில் சொல்லமாட்டார் என்று தெரிந்தவர் மாதிரி, அவரே விளக்கினார்.

"பக்கத்து ஊட்டு ராமண்ணன் பேத்திக்குக் காதுகுத்துங்க. மாசக் கடைசியிலதான் வெச்சிருந்தாங்க. ஆபீசர் வர்றாருன்னு கேட்டதும் இன்னிக்கே மாத்திப் போட்டுட்டாங்க. இன்னிக்கும் நல்ல நாள்தானுங்களே."

"அதிகாரி வந்தால் எதற்குக் காதுகுத்தை மாற்ற வேண்டும்?"

பழனியம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "நம்மூருக்குனு ஒரு ஆபீசர் வர்றாரு. அவரை வெறும் வயித்தோட அனுப்பலாமுங்களா?"

"சரி. அதற்கும் பாராசூட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"விருந்துன்னா பந்தல் வேண்டாமுங்களா?"

நான் புரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன், சரியா என்று நீங்களே பாருங்கள். அதிகாரி வருவது அருங்காட்சியகத்தைப் பார்க்க. அதிகாரி வருவதால் ஊரில் விருந்து. விருந்துக்குச் சாமான் வேண்டும் என்பதால் அருங்காட்சியகம் காலி. இதில் யார் மேல் தப்பு சொல்வீர்கள்? யோசிக்க யோசிக்க எனக்குத்தான் தலை சுற்றியது.

"இல்லை, தரமுடியாது என்று சொல்லியிருக்கலாமே?"

சடையப்பன் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்தக் கதவு ராமண்ணன் ஊட்டுதுங்க. மேல ஓடு எதுத்த ஊட்டுல குடுத்தது. மேடைக்குக் கல்லு ஊரே சொமந்து போட்டதுங்க. கதவு குடுத்தவங்க பாராசூட் கேட்டா எப்படிங்க இல்லைங்கறது?"

"கையெழுத்தாவது வாங்கினீர்களா? மூன்று காப்பி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொந்த ஊருலயுங்களா?"

கர்னலிடம் பேனா நீட்டிய மனிதர் ஊர்க்காரர்களிடம் மொத்த ஸ்டோரையும் நீட்டிவிட்டு நிற்கிறார். சரி, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஜன்னல் ஓரம் ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சு வைத்து, ஒரே ஒரு பித்தளைப் பட்டன். பட்டியலில் இல்லாதது.

"அது என் சட்டை பட்டனுங்க. ஓய்வு வந்தன்னிக்கு அறுந்தது. யாரும் கேக்கலீங்க," என்றார்.

அதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரம். வந்ததுக்கு ஒன்பதையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எது எந்த வீட்டில் இருக்கிறது என்று மேடைகளின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது. இப்படி நடந்தே ஊர் ஊராய்... இல்லை, ஊடு ஊடாய் அருங்காட்சியகம் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறைப்பு வலை ஒரு கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. பருந்துக்குக் குஞ்சு தெரியக் கூடாதாம். போட்ட நாளிலிருந்து ஒரு குஞ்சுகூடப் போகவில்லை என்று அந்த வீட்டுக்காரம்மா சத்தியம் செய்தார். மேலே நிமிர்ந்து பார்த்தேன். பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் குழம்பிப் போயிருந்ததாகத்தான் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள், அந்த வலையை எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது.

பித்தளைக் குண்டு உறை பள்ளிக்கூட வேப்பமரத்தில் தொங்கியது. மணி. கழற்றித் தருவார்களா என்று நானும் கூட வந்த சடையப்பனும் கேட்டுப் பார்த்தோம். "கடைசி மணி அடிக்காம எப்படிங்க கழட்டறது? பசங்க ஊட்டுக்குப் போக வேண்டாமுங்களா?" என்றார் டீச்சர். நியாயம்தானே.

மிச்சமெல்லாம் ராமண்ணன் வீட்டு வாசலில்.

பாராசூட் என்றால் சினிமாவில் பார்த்த குடை அளவு என்று நினைத்திருந்தேன். ஏழு வீடு அளவு இருக்கிறது. நான்கு சில்வர் ஓக் மரத்தில் கட்டி, நடுவில் ஒரு மூங்கிலை நட்டு நிமிர்த்தியிருந்தார்கள். கீழே வெயிலே பழுப்பும் பச்சையுமாக விழுந்தது. ராமண்ணன் தாய்மாமன் உட்கார மணை போட்டுக்கொண்டிருந்தார். குண்டுப் பெட்டி நான்கு. இரண்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டில் அப்பளம். ஈரக் காற்றில் நமுத்துப் போகாதாம். "ரெண்டு நாளு முந்திப் பொரிச்சதுங்க, கடிச்சுப் பாருங்க," என்று ஒன்றை என் கையில் திணித்தார் ராமண்ணன். கடித்தேன். நொறுங்கியது. வெடிமருந்துக்குக் கிடைத்த மரியாதை அப்பளத்துக்கும் கிடைத்திருக்கிறது.

கொப்பரையில் சாம்பார். ஸ்ட்ரெச்சரில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் மலையாக வடித்த சோறு. முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் தூக்கிக்கொண்டு பந்திக்குள் ஓடினார்கள். தொலைபேசி ஒன்று அடுப்படியில், இன்னொன்று பந்தலில். ஒருத்தர் கைப்பிடியைச் சுற்றி, "ரசம் எங்கீங்க?" என்றார். பத்தடி தள்ளி நின்றவர் இன்னொன்றைக் காதில் வைத்துக் கேட்டு, அதிலேயே, "வருதுங்க," என்றார். கூப்பிட்டாலே கேட்கிற தூரம்தான். ஆனால் போனில் சொன்னால்தான் மரியாதை என்றார்கள்.

கொட்டகையில் இருக்க வேண்டிய 'தயவுசெய்து தொடாதீர்கள்' போர்டைக் காணோமே என்று பார்த்தேன். ஜிலேபித் தட்டின் மேல் இருந்தது.

பைனாகுலரோடு ஒரு ஆள் பாறை மேல். அதிகாரியின் ஜீப் வருகிறதா என்று பார்க்க. வழக்கமாகக் காபித் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்தால் சுற்றுகிற சைரன் அவர் காலடியில். ஜீப் ஊருக்குள் திரும்பியதும் அவர் சைரனைச் சுற்றினார். மலையே எழுந்து உட்கார்ந்தது. நாலு நாய் ஓடியது. காது குத்த வேண்டிய குழந்தை, குத்துவதற்கு முன்னாலேயே அழுதுவிட்டது.

அதிகாரி இளைஞர். சேலத்துக்காரர். கையில் ஃபாரம் வைத்த ஃபைல். நேராகக் கொட்டகைக்குப் போய், ஒன்பது காலி மேடைகளையும் அட்டைகளையும் ஒன்று விடாமல் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க சார், போன தடவை பாதியாச்சும் இருந்ததுங்களே?"

சடையப்பன் பந்தல் பக்கம் கையைக் காட்டினார்.

பந்தலுக்குள் வந்த அதிகாரி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சர் சோற்றைப் பார்த்தார். ஃபைலைத் திறந்தார். "இங்க பாருங்க. காட்சிப் பொருட்கள் கூடத்தில் வைக்கப்பட்டுள்ளனவா? இதுதான் முதல் கேள்வி. நான் என்னங்க எழுதட்டும்? அரை மணி நேரம் இருக்கறனுங்க. எல்லாத்தையும் எடுத்துக் கொண்டுபோய் மேடையில வெச்சிருங்க. பாத்துட்டு எழுதிக் குடுத்துடறேன்."

அதற்கு மேல் ஒரு அதிகாரி என்ன செய்ய முடியும்? பந்தி பாதியில் இருந்தது. எழுபது எண்பது பேர் இலை முன்னால். விஷயம் காதுக்குக் காது போனது. ஒவ்வொருவராக எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். பெட்டியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் சோற்றை எங்கே கொட்டுவது என்று பார்த்தார்கள். ஒரு ஆள் பாராசூட் கயிற்றின் முடிச்சில் கை வைத்துவிட்டார். ராமண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எடுத்துக்கங்க தம்பி. சோறு எப்ப வேணா திங்கலாம்," என்றார்.

சடையப்பன் ஒண்டிக்கடைக் கம்பத்தை நினைத்திருப்பார். பட்டன் மிலிட்டரி என்ற பெயரை நினைத்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்க என்னாலேயே முடியவில்லை.

"உக்காருங்க," என்றார். சத்தமாக இல்லை. யாரும் உட்காராததால் மறுபடி சொன்னார். "பந்தியில இருந்து ஆளை எழுப்பி ஒரு மூசியம் எனக்கு வேண்டாமுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் அதிகாரியிடம் திரும்பி, "எழுதிக்கங்க சார். பொருள் கூடத்துல இல்லை. நான்தான் குடுத்தேன், கையெழுத்து வாங்கலை. தப்பு என் மேலதானுங்க," என்றார்.

 

அதிகாரி பேனாவை மூடியைக் கழற்றாமலே பிடித்துக்கொண்டு நின்றார். பழனியம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "எழுதறதை அப்பறம் எழுதலாம், இலையில உக்காருங்க சாமி," என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்ல உடம்பு. உட்கார்ந்த வேகத்தில் சட்டையின் நடுப் பட்டன் தெறித்து சாம்பாருக்குள் போனது.

மத்தியானம் கலெக்டர் ஆபீசில் மீட்டிங்காம். அதிகாரி ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டார். சடையப்பன் எழுந்து எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது கையில் தீப்பெட்டி.

பழனியம்மா நின்ற நிலையில் தைத்தார். அஞ்சு வெள்ளைப் பட்டன், நடுவில் ஒரு பித்தளைப் பட்டன். அருங்காட்சியகத்தில் கடைசியாக மிச்சம் இருந்த ஒரே பொருளும் இரவல் போனது.

அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார். "இதை எப்பங்க திருப்பித் தரணும்?"

"ஒண்ணும் அவசரமில்லீங்க சார். இந்தப் பக்கம் வர்றப்பக் குடுங்க."

"கையெழுத்து?"

"வேண்டாமுங்க."

அதிகாரி இலையில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, குண்டுப் பெட்டி ஒன்றின் மேல் ஃபைலை வைத்து எழுதினார். தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது அநாகரிகம்தான். பார்த்தேன். காட்சிப் பொருட்கள்: உள்ளன. வைக்கப்பட்டுள்ள இடம்: கரடியூர். 'நிலை' என்ற கட்டத்தில் நிறுத்தி, "சார், நிலை என்னங்க?" என்று கேட்டார்.

"நன்றுங்க," என்றார் சடையப்பன். 

போர்டு வந்துவிட்டது. அம்புக்குறியோடு, அந்தக் கம்பத்தின் உச்சியில். சடையப்பன் போட்டோ அனுப்பியிருந்தார். பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிளம்புவதற்கு முன்னால், கரடியூரில் அன்றைக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உண்டு என்றால் போங்கள். இல்லையென்றால் ஒன்பதும் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் போர்டைப் பார்க்கலாமே என்று ஒண்டிக்கடையில் இறங்கினேன். கம்பத்தின் உச்சி காலி.  கீழே பார்த்தேன். கம்பத்தை ஒட்டி, காக்கி உடுப்பில், மடிப்பு கலையாமல் சடையப்பன் நிற்கிறார். வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, கரடியூர் ரோட்டைக் காட்டியபடி.

"போர்டு எங்கே?"

"வாழவந்தியில ஒரு கல்யாணமுங்கம்மா. மண்டபத்துக்கு வழி காட்ட அம்புக்குறி வேணும்னாங்க." கையை இறக்காமலே சொன்னார். "இருபத்து நாலு வருசம் ஸ்டோருக்குள்ளயே இருந்துட்டனுங்க. இப்பத்தான் வெளிய ட்யூட்டி."

"எத்தனை மணி வரைக்கும் இப்படி நிற்பீர்கள்?"

"நம்மளை மாத்த அடுத்த ஆள் வர்ற வரைக்குமுங்க."

"யார் அந்த அடுத்த ஆள்?"

"போர்டுங்க."